ஓங்கலும் நம்ம வலையும்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

உவரிக்காரன்:
ஓங்கல், அதாவது டால்பின், துள்ளுகிற வீடியோவைப் போட்டு எல்லோரும் ரசிக்கிறீர்கள். சரி, அழகுதான். ஆனால் ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு விடியற்காலையில் வலையை இழுத்தால், தங்கூசி (நைலான் இழை) வலைக் கண்ணியில், ஓங்கல் தின்றது போக, சீலா மீனின் தலை மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும், செவுளுக்குக் கீழே ஒன்றும் இருக்காது, பக்கத்திலேயே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல் வேறு. அன்றைக்கு டீசல் காசும் தேறாது, மறுநாள் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்து வலை பொத்த வேண்டியதுதான்.

விரட்டாமல் இல்லை. வள்ளத்தைத் தட்டுவோம், வெடிகூடப் போட்டுப் பார்த்திருக்கிறோம். கொஞ்சம் விலகும், அப்புறம் திரும்ப வந்துவிடும். ஓங்கலைச் சத்தத்தால் விரட்ட வலையில் கட்டுகிற ஒலிக்கருவி பலன் தருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சில இடங்களில் பலன் உண்டு, சில இடங்களில் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டு, பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி நேரே வலைக்கே வந்திருக்கின்றன.

இவ்வளவு திட்டினாலும் எங்கள் பக்கத்தில் அதை அடிக்க மனசு வராது. சாளைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை ஓங்கல் சுற்றுவதையும் மேலே பறவை விழுவதையும் பார்த்துத்தான் பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் தாத்தா 'நம்மள மாதிரி மூச்சு விடுற சாதிலே அது' என்பார்.

கூட்டப்புளி மக்கா:
அண்ணாச்சி, எல்லாப் பழியையும் ஓங்கல் தலையில் போடாதீர்கள். பேத்தை மீன் கடித்தாலும் வலை போகும். பாதிக் கிழிசல், ராத்திரியில் விசைப்படகு வலைமேல் ஏறிப் போனதால் வந்தது. படகுக்காரனோடு சண்டைக்குப் போக முடியாது, ஓங்கல் வந்து மறுப்புச் சொல்லாது, அவ்வளவுதான் விஷயம்.

முதுகில் துடுப்பே இல்லாத சின்ன வகை ஒன்று உண்டு, கரையை ஒட்டியே திரியும், துள்ளாது, வள்ளத்தைக் கண்டால் ஒதுங்கிவிடும். அது நம் வலைக்கு என்ன கெடுதல் செய்தது? ஆனால் செவுள் வலையில் மாட்டி, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் சாவது அதுதான்.

பெருமணல்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். என் கவலை வேறு. ஓங்கல் உயிரோடு மாட்டினால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும், அது பாட்டுக்கு வாலை அடித்துக்கொண்டிருக்கும்போது சிக்கை ஒவ்வொன்றாக எடுக்க முடியாது. செத்து வந்தாலோ கரைக்குக் கொண்டுவர யாருக்கும் தைரியம் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், யார் கேஸுக்கு அலைவது? சத்தமில்லாமல் கடலிலேயே தள்ளிவிடுகிறார்கள். அப்புறம் எத்தனை சாகிறது என்று கணக்கு எங்கிருந்து வரும்?

நம் ஆட்களுக்கு இரக்கம் இல்லை என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வகை 80-க்கும் மேல் கரை ஒதுங்கியபோது, வள்ளத்தில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனது மீனவர்கள்தான். விட்டதில் சில திரும்பவும் கரைக்கே வந்தன, அது வேறு கதை.

மகாராஷ்டிராவில் இப்படி வலையை அறுத்துப் பாதுகாக்கப்பட்ட உயிரை விட்டால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்க 2018-இல் திட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே காட்டுப்பன்றி பயிரை அழித்தால் விவசாயி வனத்துறையில் மனு கொடுக்கிறார். அறுத்த வலைக்கு நாம் எந்த ஆபீசில் போய் நிற்பது? யாராவது மனு எழுதிப் பார்த்திருந்தால் என்ன பதில் வந்தது என்று இங்கே போடுங்கள்.