2011 சான்ட்ரோ 70 ஆயிரத்துக்கு வருகிறது, வாங்கலாமா?

குடியாத்தம் பையன்:
அப்பாவை மாதம் இரண்டு மூன்று தடவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கு, பஸ்ஸில் அவரால் முடியவில்லை. காட்பாடியில் ஒருவர் 2011 சான்ட்ரோ, பெட்ரோல், இரண்டாவது ஓனர், 70 ஆயிரம் சொல்கிறார். ஏசி ஓடாது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று சத்தம், அப்புறம் ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றணுமாம். எல்லாம் 15 ஆயிரத்தில் முடியும் என்கிறார். என்னிடம் மொத்தமே ஒரு லட்சம்தான்.

ஸ்பேனர்:
ஏசியும் சத்தமும் இருக்கட்டும் தம்பி, சத்தம் என்றால் சக்கரத்துப் பக்கம் ஆர்ம் புஷ், லிங்க் ராட், மிஞ்சினால் ஷாக் அப்சார்பர். தண்ணீர்தான் இடிக்கிறது. ஹோஸோ வாட்டர் பம்ப்போ ஒழுகினால் தரையில் தெரியும், சின்னச் செலவு. கீழே ஒரு சொட்டுகூட விழாமல் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு போயிருக்கலாம், ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பணும், அவர் சொன்ன 15 ஆயிரம் அதற்கே சரி. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களே போங்கள். பானட் தொட்டால் சூடாக இருந்ததா, முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பால் தூக்கலாகப் போட்ட டீ நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, அந்த வண்டியே வேண்டாம். இல்லையென்றால் பள்ளிகொண்டா வரை ஹைவேயில் ஓட்டுங்கள், டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டக் கூடாது. நம்ம ஊர் மே மாத வெயிலில் சூடேறுகிற இன்ஜினோடு மல்லுக்கட்ட முடியாது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் கேளுங்கள், இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

டி.என்.23:
ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவை, யாரும் சொல்லவில்லையே. 15 வருஷம்தான், 2011 வண்டிக்கு 2026-ல் முடியும், எந்த மாதம் என்று அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் நம்பர் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டவும் வேண்டும். துரு இருந்தால் அதற்கு முன்னாடி டிங்கரிங், பெயின்ட். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கு அவர்கள் கொடுக்கும் என்.ஓ.சி.யும், அந்தப் பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி வாசி:
மாதம் மூன்று தடவைக்கு எதற்குங்க கார்? வாடகை வண்டி வாசலிலேயே இறக்கிவிடும். ஐடா ஸ்கடர் ரோடு பக்கம் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் டோக்கன் நம்பர் போய்விடும்.

குடியாத்தம் பையன்:
அது சரிதான், ஆனால் ராத்திரி அவசரம் என்றால் எங்கள் பக்கம் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் சொந்த வண்டி யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறேன். வெறும் ஒழுகல்தான் என்றால் ஐம்பதுக்குக் கேட்கலாமா அண்ணா?

ஸ்பேனர்:
நாற்பதில் ஆரம்பியுங்கள், ஐம்பதுக்கு அவரே வருவார். அட்வான்ஸ் பணம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், கையில் இருந்தால் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள்.