வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு மருந்து வரவழைக்க எந்தெந்தச் சான்றுகள் வேண்டும்?

அம்மாபேட்டைவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. அமெரிக்காவில் அக்கா வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஆவணியில் சேலம் திரும்பினார். நடுக்குவாதத்துக்கு அங்கே எழுதிக் கொடுத்த, மெதுவாகக் கரையும் காப்ஸ்யூல் ஒன்று அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. காலையில் அவரே காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறார். அதே மூலமருந்து இங்கே கிடைத்தாலும் அந்த வடிவில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்றே நரம்பியல் மருத்துவரும் சொல்கிறார். நாளொன்றுக்கு மூன்று வீதம், கையில் 46 நாட்களுக்குத்தான் இருப்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு வாங்கிக் கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார் அக்கா. பொங்கலுக்கு வரும் மாமா (அக்காவின் கணவர்) பெட்டியில் கொண்டுவருகிறேன் என்கிறார். சுங்கத்தில் எது செல்லும்?

சூரமங்கலத்தார்:
நான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது என் இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவந்திருக்கிறேன். மருந்துக்கு 100 வேளை அளவு வரை பயணப்பையில் எடுத்துவர விதி இடம் தருகிறது. மருந்தகத்தார் பெயர் ஒட்டிக் கொடுத்த டப்பாவிலேயே இருக்கட்டும். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஆகவே உங்கள் மாமா கொண்டுவருவதே எளிய வழி என்று நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
மேலே நண்பர் சொன்ன 100 வேளைக் கணக்கு சரி. ஆனால் அது அவருடைய சொந்த மருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 36ஆம் விதி, பயணியின் பெட்டியில் வரும் மருந்து அந்தப் பயணிக்கே உரியதாகவும், அவர் ஒருவரின் பயன்பாட்டுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சுங்க அதிகாரி கேட்டால் அறிவிக்கவும் வேண்டும். மாமியாரின் மருந்தை மருமகன் கொண்டுவருவது இந்தச் சலுகைக்குள் வராது. பலர் இப்படித்தான் கொண்டுவருகிறார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது உண்மையே. கேட்கப்படும் நாளில் சிகிச்சை தடைப்படுவது அம்மாவுக்குத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேலும் நாளொன்றுக்கு மூன்று என்றால் 100 வேளை என்பது 33 நாள். ஆறு மாதத்துக்கு 540 காப்ஸ்யூல் வேண்டியிருக்கும்.

கூரியருக்கும் அஞ்சலுக்கும் அதே விதியில் தனி வழி இருக்கிறது. படிவம் 12-ஏ மூலம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பித்து, படிவம் 12-பி என்ற அனுமதியைப் பெற வேண்டும். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு கட்டாயம். கேட்கும் அளவு நியாயமானது என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். ஆகவே சேலத்து மருத்துவரிடமே புதிதாக எழுதி வாங்குங்கள். அதில் மூலப்பெயர், வலிமை, ஒரு நாளைய அளவு, எத்தனை மாதத்துக்கு என்பது, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கட்டும். இந்த வடிவம் இங்கே கிடைக்காததால்தான் வரவழைக்கிறோம் என்று அவரே ஒரு வரி எழுதினால் மிக நல்லது.

பார்சலின் மேல் 'பரிசு' என்று எழுத வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, பரிசு என்ற பெயரில் அஞ்சலிலும் கூரியரிலும் பொருள் வருவதை 2019 டிசம்பரில் அரசு தடை செய்துவிட்டது. மருந்துச் சீட்டுப்படி சொந்தப் பயன்பாட்டுக்கு என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு.

அனுமதி வேறு, வரிவிலக்கு வேறு. குறிப்பிட்ட உயிர்காக்கும் மருந்துகளுக்கும், 2023 ஏப்ரல் முதல் தேசியக் கொள்கையில் பட்டியலிடப்பட்ட அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கும் மாவட்ட மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவரின் சான்றிதழைக் காட்டினால் விலக்கு உண்டு. நடுக்குவாதம் அரிய நோய்ப் பட்டியலில் வராது என்பதால் வரிக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

ஏற்காட்டு ஆசிரியை:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு அது நேரக் கூடாது. என் கணவருக்கான ஊசிமருந்தை, குளிரில் வைக்க வேண்டியதை, என் தம்பி அன்போடு உடனே அனுப்பிவிட்டான். அனுமதிக்கு விண்ணப்பித்ததே பார்சல் சென்னையில் நிறுத்தப்பட்ட பிறகுதான். ஒன்பது நாள் கழித்து மலைக்கு வந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது, குளிர்ப்பைகள் வெறும் தண்ணீர்ப் பைகளாக, கைச்சூட்டில் கிடந்தன. மருந்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உங்களுடையது காப்ஸ்யூல் என்றாலும், அனுமதி கைக்கு வந்த பின்பே அக்கா பார்சல் கட்டட்டும்.

அம்மாபேட்டைவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று சான்றுகளை எடுத்து வைத்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. ஆதாரில் அம்மாவின் பெயருக்கு முன் தாத்தாவின் முதலெழுத்து இருக்கிறது; பாஸ்போர்ட்டிலும் அமெரிக்க டப்பாவிலும் அப்பாவின் பெயர் பின்னால் வருகிறது. இது தடையாகுமா?

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு ஐயா. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டு, 12-ஏ விண்ணப்பம், பார்சலில் பெறுநர் பெயர், கூரியர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் அடையாளச் சான்று ஆகிய நான்கிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் அதுவே இருக்கட்டும். பெறுநராக உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள். 46 நாள் என்பது நீண்ட காலம் அன்று. நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அனுமதி தாமதமானால் இடைப்பட்ட நாட்களுக்கு இங்கே கிடைக்கும் எந்த வடிவத்தை எந்த அளவில் கொடுப்பது என்பதையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது.