பீங்கான் வெனீர் பொருத்திய பிறகு மஞ்சள், புளி, முறுக்கு: எதைத் தவிர்க்க வேண்டும்?

ஈசூன்_மலர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் பீங்கான் வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) பொருத்துவதாக முடிவாகியிருக்கிறது. முதல் சந்திப்பில் பல்லின் முன்பக்கத்தை மெலிதாகச் சீவி அச்செடுப்பார்கள் என்றும், ஆய்வுக்கூடத்திலிருந்து வெனீர் வந்து சேரும் வரை தற்காலிக வெனீர் ஒட்டியிருக்கும் என்றும், பிறகே நிரந்தரமானதைப் பொருத்துவார்கள் என்றும் பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆனால் உணவைப் பற்றிக் கேட்டபோது கையில் கொடுத்த தாளில் சிவப்பு ஒயின், ஸ்டேக், முரட்டு ரொட்டி, ஆப்பிள் ஆகியவையே இருந்தன. எங்கள் வீட்டில் ஒயினும் இல்லை, ஸ்டேக்கும் இல்லை. நாள்தோறும் மஞ்சளும் புளியும் சேர்ந்த குழம்பு, காலையிலும் மாலையிலும் தே தாரிக் (கெட்டிப்பால் சேர்த்து இழுத்து ஆற்றிய தேநீர்), ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அல்லது மீன்தலைக் கறி என்றே எங்கள் சமையல் நடக்கிறது. தீபாவளி வந்துவிட்டால் மாமியார் சுடும் முறுக்கு வேறு. அதன் உறுதியைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் வாய்திறப்பதில்லை.

மஞ்சளால் வெனீர் நிறம் மாறுமா? முறுக்கையும் எலும்பையும் அடியோடு விட்டுவிட வேண்டுமா? நம் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வெனீரைப் பல ஆண்டுகள் காத்துவருபவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பிடோக்_கதிரவன்:

வணக்கம் சகோதரி. நானும் மேல்வரிசையில் வெனீர் வைத்திருப்பவன். வைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. உணவுப் பெயர்களைப் பட்டியலிட்டு இது ஆகும், அது ஆகாது என்று பிரிப்பதால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. ஒரே முறுக்கைக் கையால் ஒடித்துக் கடைவாயில் போட்டு மென்றால் வெனீருக்கு எதுவும் நேராது. அதையே முன்பல்லால் கடித்து உடைத்தால் ஓரம் பெயரக்கூடும். வெனீர் என்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள பீங்கான் தகடு. பல்லோடு ஒட்டியிருக்கும் வரை அது நன்றாகவே தாங்கும். ஆனால் நுனியில் விழும் திடீர் அழுத்தமும், நெம்புவதுபோலவும் முறுக்குவதுபோலவும் வரும் விசையும் அதற்கு ஆகாதவை. ஆகவே எந்த உணவைச் சாப்பிட்டாலும், முன்பல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நம் பழக்கங்களில் சில தாமாகவே வெளியே வந்து நிற்கும். பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால் பட்டை உரிப்பது அவற்றில் மிக மோசமானது. அந்த இழுப்பும் திருகலும் முழுவதுமாக முன்பற்களின் மீதே விழுகின்றன. அதை நான் விட்டுவிட்டேன். ஆசை வந்தால் உணவங்காடி நிலையத்தில் கரும்புச் சாறு வாங்கிக் குடித்துக்கொள்கிறேன். சாத்தே எனப்படும் சுட்ட இறைச்சியின் குச்சியைப் பற்களுக்கிடையில் வைத்து இழுப்பதும் இதே வகைதான். முள்கரண்டியால் இறைச்சியைத் தட்டில் தள்ளிவிட்டால் தீர்ந்தது. மாங்கொட்டையைச் சுரண்டுவதும், கோழிக்காலில் ஒட்டியிருக்கும் நாரைப் பல்லால் பிய்ப்பதும் அப்படியே. நல்லி எலும்பை உறிஞ்சலாம், கடிக்கக் கூடாது. நண்டுக் கொடுக்கை எந்தப் பல்லாலும் உடைக்காமல் இடுக்கியால் உடைப்பதே நல்லது. தே பெங்கை (பனிக்கட்டி போட்ட பால் தேநீர்) குடித்து முடித்த பிறகு அடியில் கிடக்கும் பனிக்கட்டியைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், அதை இப்போதே நிறுத்திவிடுங்கள். ஐஸ் கச்சாங் என்ற குளிர்ந்த இனிப்பில் உள்ள சீவிய பனியால் தொல்லை இல்லை, அடியில் இருக்கும் கடலையைக் கடைவாய்க்கு அனுப்பினால் போதும்.

முருங்கைக்காயைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நன்றாக வெந்த காயை மெதுவாக வழித்துச் சாப்பிடுவதில் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவில்லை. முற்றிய காயை வலிந்து இழுப்பதை மட்டும் தவிர்த்து, சதையைக் கரண்டியால் வழித்துக்கொள்ளுங்கள். தோசை, பிராட்டா, இடியாப்பம், ஆப்பம் எல்லாம் கையால் பிய்த்து உண்பவை. அந்த வகையில் நம் சாப்பாட்டு முறை வெனீருக்கு மிகவும் தோதானது.

உணவல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ரொட்டிப் பொட்டலத்தையும் சட்னிப் பையையும் பல்லால் கிழிப்பவர்களுக்கு முறுக்கால் வரும் கேட்டைவிட அதனால் வரும் கேடு பெரிது. அழகுக்காகச் செய்யும் வெனீருக்கு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தைப் பயன்படுத்த முடியாது என்பதால், ஒன்று உடைந்தாலும் மறுபடி நம் கைப்பணம்தான் போகும்.

பல்மருந்தகப்_பணியாளர்:

பல் மருந்தகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன், மருத்துவர் அல்ல. திரு கதிரவன் கடிப்பதைப் பற்றி நிறைவாக எழுதிவிட்டார். நிறத்தைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் மஞ்சளைப் பற்றிய கேள்வி தமிழ்க் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் தவறாமல் கேட்பது.

மெருகிட்ட பீங்கான் பரப்பில் மஞ்சளோ தேநீரோ எளிதில் ஊறுவதில்லை. நிரந்தர வெனீர் பொருத்தியவர் மஞ்சள் சேர்த்த குழம்பை நாள்தோறும் சாப்பிடலாம். கறை பிடிக்கும் இடம் வேறு: பல் ஈறையொட்டி வெனீரும் பல்லும் சந்திக்கும் கோட்டில் ஒட்டுப் பசை மெல்லிய விளிம்பாக இருக்கும், அங்கே தேநீர்க் கறை சேர்ந்து பழுப்புக் கோடாகத் தெரியலாம். சாப்பிட்டதும் நீரால் கொப்பளிப்பதும், பற்களின் இடுக்குகளை இழையால் சுத்தம் செய்வதும் அதற்குப் போதுமானவை. காம்போசிட் வெனீரின் கதை வேறு. அது பிசின் சார்ந்த பொருள் என்பதால் மஞ்சளும் கோப்பியும் காலப்போக்கில் அதில் ஊறும், அவ்வப்போது மெருகேற்ற வேண்டியிருக்கும். எந்த வகை என்று கேட்காமலேயே பலர் அறிவுரை சொல்வதால்தான் இந்தக் குழப்பம் நீடிக்கிறது. உங்களுடையது பீங்கான் என்பதால் கவலை குறைவு.

உண்மையில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டியது தற்காலிக வெனீர் இருக்கும் அந்த ஓரிரு வாரங்களில். அது மஞ்சளை விரைவாக உறிஞ்சும். போதாக்குறைக்கு, பின்னால் எளிதாகக் கழற்ற வேண்டும் என்பதற்காக அதைப் பிடிப்புக் குறைவாகவே ஒட்டியிருப்பார்கள். அந்த நாள்களில் இட்டிலியும் தேங்காய்ச் சட்னியும், தயிர்ச் சோறு, தேங்காய்ப் பாலோடு ஆப்பம், மஞ்சள் சேர்க்காத சொதி, மீஹூன் (அரிசிச் சேமியா) சூப், கோழிக் கஞ்சி என்று வெளிறிய, மென்மையான உணவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்வா, மிட்டாய் போன்ற ஒட்டும் பண்டங்கள் தற்காலிக வெனீரைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

புளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ரசமோ புளிக்குழம்போ பீங்கானை அரிக்காது. ஆனால் எலுமிச்சைச் சாறு, உப்புப் பிளம் பானம், குளிர்பானம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக நெடுநேரம் பருகினால் வெனீரின் விளிம்பில் இருக்கும் இயற்கைப் பல்லின் எனாமல் மென்மையாகும். அந்த நேரத்தில் உடனே பல் துலக்காமல், முதலில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். குழாய் நீரே போதும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கரித்தூள் பற்பசை, சமையல் சோடா, சொரசொரப்பான பற்பொடி ஆகியவை பீங்கானின் மெருகைத் தேய்த்துவிடும். மெருகு போன பரப்பில்தான் கறை ஏறும். அமிலத்தன்மை கொண்ட ஃபுளோரைடு களிம்பும் மெருகைக் கெடுக்கும் என்பதால், வேறு மருந்தகத்துக்குச் செல்லும்போது வெனீர் இருப்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

தேக்கா_மூத்தவர்:

மகளே, இருவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெனீருக்குச் சொத்தை வராது என்பதால் இனிப்பில் கவனம் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் பின்னால் இருப்பது நம் சொந்தப் பல். விளிம்பில் சொத்தை புகுந்துவிட்டால் நல்ல வெனீரும் வீண். நாளில் பல முறை குடிக்கும் தே தாரிக்கில் உள்ள கெட்டிப்பாலின் சர்க்கரைதான் என் பார்வையில் மஞ்சளைவிடப் பெரிய எதிரி. தேநீரை விட முடியாவிட்டால் "தே சி கோசோங்" (சர்க்கரை இல்லாமல் ஆவிப்பால் மட்டும் சேர்த்த தேநீர்) என்று கேட்டுப் பழகுங்கள்.

வெற்றிலை பாக்கு போடும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள். பாக்கின் கடினமும் கறையும் ஒருபுறம் இருக்க, கொட்டைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

மற்றொன்று: இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? வெனீர் விரிசல் விட்டால் பழி எப்போதும் முறுக்கின் மேல் விழுகிறது. பல நேரங்களில் குற்றவாளி உறக்கத்தில் நடக்கும் இந்த அரைப்புத்தான். அதற்கு இரவில் அணியும் பல்லுறை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஈசூன்_மலர்:

மூவருக்கும் நன்றி. பல்லைக் கடிக்கும் பழக்கம் எனக்கு இருப்பதாகக் கணவர் சொல்வதுண்டு, ஆகவே பல்லுறையைப் பற்றி நிச்சயம் கேட்பேன். இப்போது வேறொரு சிக்கல் தெரிகிறது: அச்செடுக்கக் கொடுத்திருக்கும் நாள் தீபாவளிக்குச் சற்று முன்னால் வருகிறது. அப்படியானால் பண்டிகையன்று தற்காலிக வெனீரோடுதான் இருப்பேன். பிரியாணியையும் முறுக்கையும் பார்த்துக்கொண்டு உட்காருவதா, அல்லது நாளை மாற்றிக் கேட்பதா?

பல்மருந்தகப்_பணியாளர்:

மாற்றிக் கேளுங்கள். பண்டிகைக்காகத் தள்ளிப்போடுபவர்கள் எங்களிடமும் உண்டு, மருந்தகத்தில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல்லைச் சீவுவதற்கு முன்பு கேட்பதுதான் முக்கியம். சீவிய பிறகு தற்காலிக வெனீரை வாரக்கணக்கில் நீட்டிப்பது நல்லதன்று. கீழ்வரிசையை வெண்மையாக்கும் எண்ணம் இருந்தால் கிடைக்கும் அந்த இடைவெளியில் செய்துகொள்ளலாம், ஏனெனில் வெனீரின் நிறத்தைப் பின்னால் மாற்ற இயலாது; பக்கத்துப் பற்களின் நிறத்தைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். தற்காலிக வெனீர் எப்போதாவது கழன்றுவிட்டால் கடையில் விற்கும் பசையால் ஒட்ட முயலாமல், அதைச் சிறு டப்பாவில் போட்டுவைத்து அன்றே மருந்தகத்தை அழையுங்கள்.