உறையில் முகம் இல்லாத இசைத்தட்டு

குழு: மேலவீதி வீடு

கார்த்திக், காலை 7.42
(படம்)
ஆஸ்டினில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் இன்று கிடைத்தது. நான்கு டாலர். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’, 1978. சித்தப்பா, உங்களுக்காகத்தான் வாங்கினேன். டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறேன்.

முரளி, 7.44
அடடா! பர்மா பஜாரில் வாங்கிய கேசட் ஒன்று என்னிடம் இருந்தது. நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி, கடைசியில் அது தேய்ந்தே போய்விட்டது. உறை கிழியாமல் இருக்கிறதா?

கார்த்திக், 7.45
கிழிசல் இல்லை. பின்பக்கம் காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று. ‘செப்டம்பர் சாங்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மட்டும் யாரோ நீல மையில் டிக் போட்டிருக்கிறார்கள்.

நிலா, 7.46
அண்ணா, பாடியவர் படத்தையே காணோமே. வெறும் நட்சத்திரம்தான் இருக்கிறது.

முரளி, 7.47
அது சூசன்னா கிளார்க் வரைந்த ஓவியம். நட்சத்திரக் கூட்டம் எது தெரியுமா? நம் கார்த்திகைதான். பெயர்ப் பொருத்தம் பார்த்து வாங்கியிருக்கிறான் உன் அண்ணன்.

ராமநாதன், 7.51
பட்டியலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துப் பாட்டு. ஒன்றுகூட அவர் எழுதியது அன்று. ஊரார் வீட்டு நெய்யை எடுத்துத் தன் இலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இதற்கு நான்கு டாலரா?

கார்த்திக், 7.52
அப்பா, அவருக்கு எழுத வராமல் இல்லை. 1961இல் பாட்ஸி கிளைன் பாடிப் பெரும் புகழ் பெற்ற ‘கிரேஸி’ இவர் எழுதியதுதான்.

ராமநாதன், 7.53
அப்படியானால் குற்றம் இன்னும் பெரியது. கை இருந்தும் சமைக்காமல் வாங்கிச் சாப்பிடுகிறார்.

முரளி, 7.56
அண்ணா, அன்றைக்கு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். கன்ட்ரி என்கிற நாட்டுப்புறக் கிதார்ப் பாட்டில் உச்சத்தில் இருந்த மனிதர். 44 வயது, பின்னிய தலைமுடி, தாடி. அவர் போய், பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் நியூயார்க் நாடக மேடைகளிலும் நடன அரங்குகளிலும் கேட்ட பாட்டுகளைப் பாடினால் யார் வாங்குவார்கள் என்று பயந்தார்கள். ஆனால் என்ன பாடுவது என்பதை அவரே முடிவு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கம்பெனியால் தடுக்க முடியவில்லை. வெளிவந்ததும் ‘ஜார்ஜியா ஆன் மை மைண்ட்’, ‘புளூ ஸ்கைஸ்’ இரண்டுமே கன்ட்ரி பட்டியலில் முதலிடம். இசைத்தட்டு அந்தப் பட்டியலில் பத்தாண்டு நின்றது. பத்து வாரம் என்று படித்துவிடாதீர்கள், அண்ணா. பத்தாண்டு.

கமலா, 7.58
யாராவது மேல்தொட்டி மோட்டாரை நிறுத்தினீர்களா? தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கிறது.

நிலா, 7.58
நிறுத்திவிட்டேன் அத்தை.

ராமநாதன், 8.01
விற்பனையை வைத்து இசையை எடை போடாதே முரளி. ‘ஜார்ஜியா’வை ரே சார்லஸ் பாடி நான் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் அந்தப் பாட்டில் என்ன மிச்சம் இருக்கிறது?

முரளி, 8.06
இதைத்தான் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ரே சார்லஸ் 1960இல் பாடியதில் பெரிய வாத்தியக் குழு, பின்பாட்டு, கதறல் எல்லாம் உண்டு. ஜார்ஜியா மாநிலம் 1979இல் அந்தப் பாட்டைத் தன் மாநிலப் பாடலாகவே ஆக்கிக்கொண்டது. அவரோடு போட்டி போட்டால் தோல்விதான் என்று நெல்சனுக்குத் தெரியாதா? அவர் ஏற்றவில்லை, இறக்கினார். ஒரு கிதார், மிக்கி ரஃபேலின் மவுத்தார்கன், அக்கா பாபியின் பியானோ, ஆர்கன். வயலின்கள் வரும் இடங்களிலும் அவை தொலைவில்தான் நிற்கும். வாசற்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்வதைப் போல இருக்கும்.

கார்த்திக், 8.08
தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், சித்தப்பா. மெம்ஃபிஸ் நகரத்து சோல் இசையில், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில், ஆர்கன் வாசித்தவர். மலிபுவில் நெல்சனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ ஒன்றுக்கு மட்டும் இசை அமைத்துத் தரக் கேட்டிருக்கிறார் நெல்சன். அது பிடித்துப்போய் முழுத் தட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். 1977 டிசம்பரில் ஒரு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வாசிக்க, ஒலிப்பதிவுக் கருவிகள் வெளியே ஒரு லாரிக்குள் இருந்தன. பத்து நாள் அளவில் வேலை முடிந்துவிட்டது.

நிலா, 8.10
அந்த வெர்மான்ட் பாட்டை இப்போதுதான் கேட்டேன். அதில் எங்கேயும் எதுகையே வரவில்லை. ஆனாலும் பாட்டு மாதிரியே இருக்கிறதே, எப்படி?

ராமநாதன், 8.12
அடியின் கடைசியில் ஒத்து வருவது இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் வரும். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், நிலா.

நிலா, 8.12
மன்னிக்கவும் பெரியப்பா. இயைபு வரவில்லை.

ராமநாதன், 8.19
கேட்டேன். குழந்தை சொல்வது சரி. கடைசிவரை ஒரு சொல்கூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. விழும் இலை, பனிச்சறுக்குத் தடம், தந்திக் கம்பி என்று பார்த்ததை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். எழுதியவன் கெட்டிக்காரன். பாடுகிறவர் குரல்தான் மூக்கிலிருந்து வருகிறது.

முரளி, 8.20
மூக்கு என்று ஒன்று இருப்பது அதற்காகவும்தான் அண்ணா.

கார்த்திக், 8.23
அவர் கிதாரின் படம் அனுப்புகிறேன், பாருங்கள்.
(படம்)
மார்ட்டின் என்-20. 1969 முதல் இதே கிதார்தான். நைலான் நரம்புக் கிதார், விரலால் மீட்ட வேண்டியது. இவர் பிக் என்ற சிறு தகட்டை வைத்துத் தட்டித் தட்டி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து இரண்டாவதாக ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. பெயர் டிரிகர். திரைப்பட நடிகர் ராய் ராஜர்ஸ் ஏறிவந்த குதிரையின் பெயர்.

கமலா, 8.25
நம் வீட்டு அம்மிக்கல் போலக் குழிந்திருக்கிறது.

கமலா, 8.33
எல்லோரும் கேளுங்கள். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ‘ஸ்டார்டஸ்ட்’ பாட்டை என் கைப்பேசியில் வைத்துக் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் கை நின்றது. “இவன் ஏன் தள்ளித் தள்ளி எடுக்கிறான், அனாகதமா?” என்று கேட்டார். கொஞ்சம் கழித்து, “விடவில்லை, வந்து சேர்ந்துவிட்டான்” என்றார். வீணை கற்றுக்கொண்டு அறுபது ஆண்டு ஆகிறது. இன்னும் காது அப்படியே இருக்கிறது.

முரளி, 8.35
அம்மா ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டார்! அதுதான் நெல்சன். வாத்தியங்கள் ஓரிடத்தில் இருக்கும், இவர் சொல் அரை அடி பின்னால் வரும். சில இடத்தில் முந்திக்கொண்டும் போவார். ஃபிராங்க் சினாட்ரா பாடுவதைக் கேட்டு ரசித்து வளர்ந்த மனிதர். அண்ணா, ஒரே தியாகராஜர் கீர்த்தனையை நூறு பேர் பாடுகிறார்கள். ஊரார் வீட்டு நெய் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே.

ராமநாதன், 8.37
கீர்த்தனையை இதற்குள் இழுக்காதே. அதில் பாடுகிறவனின் மனோதர்மத்துக்கு, சொந்தக் கற்பனைக்கு, இடம் உண்டு.

கமலா, 8.38
அம்மா இப்போது கண்டுபிடித்தது வேறு என்ன அண்ணா?

கார்த்திக், 8.44
அப்பா, எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. 1962இல் சோல் பாடகரான ரே சார்லஸ் கன்ட்ரி பாட்டுகளை எடுத்துத் தன் பாணியில் முழு இசைத்தட்டே போட்டார். நெய் இரண்டு வீட்டுக்கும் போய் வந்திருக்கிறது.

நிலா, 8.46
டிக் போட்டிருந்த பாட்டு எப்படி இருக்கும்?

முரளி, 8.48
1938இல் ஒரு நாடகத்துக்காக கர்ட் வைல் இசையமைத்தது. முதலில் பாடியவர் வால்ட்டர் ஹூஸ்டன் என்ற நடிகர், பெரிய குரல் இல்லாதவர். வயதானவர் ஒருவர் தன் மிச்ச நாள்களை எண்ணிக்கொண்டு காதல் சொல்வது. நெல்சன் அதில் ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. சோகத்தை அவர் ஏற்றிப் பாடியிருந்தால் அந்தப் பாட்டை நான் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டேன்.

ராமநாதன், 9.02
கார்த்திக், அந்த டிக் போட்ட பாட்டின் இணைப்பை எனக்குத் தனியாக அனுப்பு. குழுவில் வேண்டாம்.

கார்த்திக், 9.02
அனுப்பிவிட்டேன் அப்பா.

முரளி, 9.03
நான் ஒன்றும் பார்க்கவில்லை.

கமலா, 9.10
அம்மா இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். ஊதுகிறானே, அந்த வாத்தியத்துக்குப் பெயர் என்ன என்கிறார். மவுத்தார்கன் என்று சொல்லிவிட்டேன். என் கைப்பேசியை யாராவது அவரிடமிருந்து வாங்கிக் கொடுங்கள், பாட்டு ஓட ஓட அவர் மடியில் குனிந்துதான் இதைத் தட்டுகிறேன். பால்காரர் வாசலில் பணத்துக்கு நிற்கிறார்.