வன்னிக் கோடையில் பறவைகளும் விலங்குகளும்: விடுமுறைக்கு வரும் மருமகனுக்கு எதைக் காட்டலாம்?

முத்தையன்கட்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன், ஜூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கவிருக்கிறான். வயது பதினாறு. ஒன்ராறியோ ஏரிக்கரையில் பறவைகளைப் படமெடுத்துப் பழகிய பிள்ளை, தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கு முன்னரே, "மாமா, குளத்தில் இப்போது என்ன நிற்கிறது?" என்றுதான் கேட்பான். சாதாரண கமரா ஒன்றும் 70–300 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் அவனிடம் உண்டு.

எங்கள் வீடு முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்கு அருகில் இருக்கிறது. அவன் மாரியில் வந்தால் எனக்கு ஒரு கவலையும் இராது. ஆனால் அவன் வரும் நேரமோ சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசித் தரை வெடித்து, வலசைப் பறவைகளெல்லாம் வடக்கே திரும்பிவிட்ட நேரம். "இங்கே வைத்திருந்து என்ன பயன், தெற்கே யால தேசியப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று உறவினர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தாயின் ஊரை அவன் முதலில் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். கோடையில் எங்கள் குளத்தடியில் அவன் எதைப் பார்க்கலாம், பயணமாகப் போவதானால் எங்கே போகலாம், பெரிய லென்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

அலைகரை (கிளிநொச்சி) எழுதியது:

ஐயா, வணக்கம். உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வன்னியில் விலங்கும் பறவையும் பார்ப்பதற்குக் கோடைதான் எளிய காலம். மாரியில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் நிற்பதால் யானையும் மானும் எங்கே குடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஜூலை பிறந்ததும் சிறுகுளங்களும் மோட்டைகளும் வற்றி, சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்ட பெருங்குளங்களின் நீர்மட்டமும் இறங்கிவிடும். அதன் பிறகு எல்லா உயிரும் எஞ்சியிருக்கும் நீரைத் தேடித்தான் வர வேண்டும். நாம் அலைய வேண்டியதில்லை. ஒரு குளத்தைத் தெரிந்துகொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மருத மரத்தடியில் அசையாமல் இருந்தால் போதும்.

நீர் வற்றும்போது ஜப்பான் மீனும் (திலாப்பியா) விராலும் ஒடுங்கிய நீரில் அகப்பட்டுக்கொள்வதால், கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் சங்குவளை நாரைகளும் ஒரே இடத்தில் திரளும். நத்தைகுத்தி நாரையை அவன் பொறுமையாகக் கவனிக்கட்டும். வளர்ந்த பறவையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இராது. சேற்றுக்குள் அலகைக் கண்வரை புதைத்து நத்தையைத் தொட்டறிந்து எடுக்கும். பின்னர் அலகின் நுனியால் சதையை மட்டும் உருவிக்கொண்டு ஓட்டைப் பெரும்பாலும் உடையாமலே கரையில் விட்டுவிடும். அந்த ஓடுகள் குவிந்து கிடக்கும் இடத்துக்கு எதிரே காலையில் உட்கார்ந்தால் படம் தானாக அமையும்.

இன்னொன்றை வற்றிய குளத்தின் வெறுந்தரையில் காணலாம். ஆட்காட்டி கோடையில்தான் கூழாங்கற்களுக்கு நடுவில், கூடென்று சொல்ல ஒன்றுமில்லாத ஒரு சிறு குழியில், பொதுவாக நான்கு முட்டைகள் இடும். மண்ணும் கரும்புள்ளியுமாக இருக்கும் அந்த முட்டைகளை இரண்டடி தூரத்தில் நின்றும் கண்டுபிடிக்க முடியாது. நண்பகல் வெயிலில் தாயும் தந்தையும் முறைவைத்து அவற்றின் மேல் நின்று நிழல் கொடுக்கும். வெயில் கடுமையானால் ஒன்று நீரோரம் ஓடி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகளின் மேல் அமரும். இதை ஒரு தடவை பார்த்தவர் அந்தப் பறவையை வாழ்நாளில் மறக்கமாட்டார்.

ஆனால் இங்கேதான் உங்கள் மருமகனுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் நாம் அளவுக்கு மிஞ்சி நெருங்கிவிட்டோம் என்று பொருள். நாம் அங்கே நிற்கும் நேரமெல்லாம் முட்டைகள் நிழலின்றி வேகும். உடனே வந்த வழியே விலகிவிட வேண்டும். நீரோரத்திலும் இதே நியாயந்தான்: மாரியில் ஒரு மானை விரட்டிவிட்டால் அது வேறிடத்தில் குடிக்கும், கோடையில் அதற்கு வேறிடம் இல்லை. அலைகரையில் நாம் மறித்து உட்கார்ந்திருந்தால், அது இரவுவரை தாகத்தோடு காட்டுக்குள் நிற்கும். ஆகவே விலங்குகளின் தடம் நீருக்கு இறங்கும் இடத்தை விட்டு நன்றாகத் தள்ளி அமருங்கள்.

முதலை இருக்கும் குளங்களில் படமெடுக்கத் தாழ்ந்து படுப்பது நீர்விளிம்பில் கூடாது. நீர் குறையும் காலத்தில் அவை கரைச் சேற்றிலும் வளைகளிலும் கிடக்கும்; இரவில் தரை வழியே வேறு குளத்துக்கும் நடக்கும்.

வங்காலைக் கரை (மன்னார்) எழுதியது:

மேலே நண்பர் எழுதியவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். கடற்கரையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வங்காலைச் சரணாலயம் 2010இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரியில் அங்கே நிற்கும் வாத்துக் கூட்டங்களையும் பூநாரைகளையும் படங்களில் பார்த்துவிட்டு ஜூலையில் வருபவர்கள் வெறும் உப்புத்தரையைக் கண்டு ஏமாந்து திரும்புகிறார்கள். அவர்கள் கீழே குனிந்து பார்ப்பதில்லை. அந்த உப்புத்தரையில் சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மங்கலான பறவை, சில அடி ஓடுவதும் நிற்பதுமாகத் திரியும். அதுதான் அனுமன் உப்புக்கொத்தி. கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாக நெடுங்காலம் கருதப்பட்ட இதை, உடலளவுகளும் மரபணுவும் வேறாக இருப்பதைக் காட்டி 2023இல் தனி இனமாக ஆய்வாளர்கள் பிரித்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுவதும் தங்கி இனம்பெருக்கும் பறவை இது. இராமர் அணைக்கு இருபுறமும் வாழ்வதால் அனுமனின் பெயரைப் பெற்றது.

மாரியில் இதையும் வலசை வந்த கென்டிஷ் உப்புக்கொத்தியையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் சிரமம். கோடையில் வலசைக்காரர்கள் போய்விடுவதால், மன்னார் உப்புத்தரையில் நிற்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கனடாவிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிசு வேறென்ன இருக்கிறது? சின்ன ஆலாக்களும் அதே நிலத்தில் வெறுந்தரையில் முட்டையிடும். வாகனத்தைப் பாதையை விட்டு உப்புத்தரையில் இறக்கவே வேண்டாம். சில்லுக்குக் கீழே முட்டை போனதை ஓட்டுநர் அறியவும்மாட்டார்.

வரும் வழியில் கட்டுக்கரைக்குளத்தையும் பாருங்கள். அருவி ஆற்று நீரால் நிரம்பும் அந்தப் பழைய குளம் 1954 முதல் சரணாலயம். மன்னார்த் தீவில் கவுதாரிகளை விடியற்காலையில் தெருவோரத்திலேயே காணலாம். இலங்கையின் தென்பகுதியிலிருந்து பறவை பார்ப்பவர்கள் அவற்றுக்காகவே இங்கே வருகிறார்கள்.

முத்தையன்கட்டுவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அனுமன் உப்புக்கொத்தியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. தங்கை இதை வாசித்துவிட்டு யானை, கரடி பற்றிப் பயந்து கேட்கிறாள். பையனோ மின்னேரியாவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போக வேண்டும் என்கிறான். இவை கோடைக்குப் பொருந்துமா?

பாலையடி (கனகராயன்குளம்) எழுதியது:

அண்ணா, தங்கச்சியின் பயம் நியாயமானது, எனவே முதலில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

யானையைவிடக் கரடிக்குத்தான் நான் அஞ்சுவேன். பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் கரடி பகலிலும் மரத்தடியில் நிற்கும். மேலே ஏறியும் இருக்கும். பழம் பொறுக்கப் போன எங்கள் ஊரவர் பலர் கரடியிடம் அடிபட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. தின்னும்போது அது சுற்றுப்புறத்தைக் கவனிப்பதில்லை. திடீரென ஆளைக் கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதற்கே வாய்ப்பு அதிகம். ஆகையால் கரடியை நடந்து போய்ப் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம். வில்பத்துவில் ஜீப்புக்குள் இருந்தபடி பார்ப்பதுதான் முறை. இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்காவான அதன் வில்லுகள் எனப்படும் இயற்கை நீர்நிலைகளும் இந்தக் காலத்தில் ஒடுங்கிவிடுவதால், சிறுத்தையையும் நீரோரத்தில் காணும் வாய்ப்பு உண்டு. யாலவின் வாகன நெரிசல் அங்கே இராது.

யானை மாலை நான்கு மணிக்குப் பின் குளத்துக்கு இறங்கும். குளக்கட்டின் மேல் ஊரவர் ஒருவரோடு நின்று பாருங்கள். பொழுதுபடுமுன் வீடு திரும்பிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் காட்டுவீதியால் இருட்டில் வருவதைத் தவிருங்கள்.

இவை இரண்டையும்விட முக்கியமானது வெடிபொருள். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியின் எல்லா இடங்களிலும் முடிந்துவிடவில்லை. சிவப்புப் பலகை இல்லை என்பதனால் மட்டும் ஓரிடம் பாதுகாப்பானது என்று நினைக்கக் கூடாது. மாடு மேய்ப்பவரும் விறகு வெட்டுபவரும் அன்றாடம் நடக்கும் தடத்தை விட்டு ஒரு பறவைக்காக ஒரு முழம்கூட விலகக் கூடாது என்பதைப் பையனிடம் விமான நிலையத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது இயல்பாகத் தோன்றாது. புதிய இடமென்றால் கிராம அலுவலரிடம் கேட்ட பின்பு போங்கள்.

மின்னேரியா கோடைக்கே உரியது. மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளம் வற்றும்போது வெளிப்படும் தரையில் புல் முளைப்பதால், ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஆனால் குளத்தில் நீர் உயர்ந்து நின்றால் புல்தரை மூழ்கிவிடும். அப்போது யானைகள் கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். ஹபரணையில் இறங்கியதும் அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று ஜீப் ஓட்டுநர்களிடம் கேட்டு, அதன் பிறகு நுழைவுச் சீட்டு எடுங்கள்.

திமிங்கிலத்துக்குத் திருகோணமலை போதும். ஆழ்கடற் பள்ளம் கரைக்கு மிக அருகில் வருவதால் நீலத் திமிங்கிலமும் அங்கே கரையோரமாக வரும். சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் தெற்கைவிட அமைதியாகவும் இருக்கும். தெற்குக் கரையிலுள்ள மிரிசையும் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கும் உரியவை, ஜூலையில் அங்கே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். படகு பேசும்போதே, திமிங்கிலத்தைத் துரத்தவோ அதன் பாதையை மறிக்கவோ மாட்டோம் என்று ஓட்டுநரிடம் உறுதி வாங்குங்கள்.

வெயிற்படம் (வவுனியா) எழுதியது:

லென்ஸ் பற்றிய கேள்வி எஞ்சியிருப்பதால் அதற்கு எழுதுகிறேன். பெரிய லென்ஸ் வேண்டாம். சிக்மாவும் தம்ரோனும் செய்யும் 150–600 மில்லிமீற்றர் லென்ஸ்கள் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்து களைப்பதைவிட, 300உடன் ஓரிடத்தில் இருந்து பழகுவது மேல்.

கோடையில் படத்தைக் கெடுப்பது லென்ஸின் குறையன்று, கானல்தான். காலை ஒன்பது மணிக்குப் பின் சூடேறிய தரைக்கு மேலே காற்று நெளியத் தொடங்கும். அதற்கு அப்பால் நிற்கும் பறவையை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. சூரியன் ஆறு மணியளவில் உதிக்கும். அதிலிருந்து இரண்டரை மணி நேரம் படத்துக்கு உரியது. நண்பகலில் வாய்க்கால் நிழலில் தும்பிகளையும் மீன்கொத்தியையும் கிட்ட நின்று எடுக்கலாம். இடையிலுள்ள தூரம் குறைந்தால் கானலும் குறையும்.

கொக்கும் நாரையும் வெள்ளை. வெயிலில் இறகின் வரிகள் அழிந்து போகாதபடி ஒளியளவை முக்கால் படியாவது குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பறக்கும் பறவைக்கு வினாடியின் 2000இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். முக்காலிக்குப் பதிலாகத் துணிப்பை ஒன்றில் இரண்டு கிலோ பயறு கட்டிக் கொடுங்கள்; குளக்கட்டின் கல்லிலோ முச்சக்கரவண்டியின் விளிம்பிலோ வைத்தால் கமரா அசையாது. செம்புழுதியில் லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டாம்.

ட்ரோன் கொண்டுவருவதாக இருந்தால் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். பதிவும் அனுமதியும் இன்றி அதைப் பறக்கவிட முடியாது. யானைகளுக்கும் அதன் சத்தம் ஆகாது.

இன்னொன்று. தேவாங்கையோ நட்சத்திர ஆமையையோ கண்டால் படத்தோடு இடத்தையும் இணையத்தில் போட வேண்டாம். நட்சத்திர ஆமைகளைப் பிடித்துக் கடல் வழியே கடத்துபவர்கள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் இடக்குறிப்பை அணைத்துவிட வேண்டும். பறவைப் பட்டியல்களை ஈபேர்ட் தளத்தில் அவன் தாராளமாகப் பதியட்டும். கூடு இருக்கும் இடங்களை மட்டும் தவிர்க்கட்டும்.

முத்தையன்கட்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஜூலை முழுவதும் குளத்தடியிலேயே இருப்பது, ஓகஸ்ட் தொடக்கத்தில் மன்னார், அதன் பிறகு மின்னேரியாவும் திருகோணமலையும் என்று தங்கையோடு பேசி முடிவெடுத்துவிட்டோம். யால இல்லை. வங்காலைக் கரை நண்பரே, மன்னாருக்கு வரும்போது உப்புக்கொத்தியை எங்கே நின்று பார்ப்பது நல்லது?

வங்காலைக் கரை எழுதியது:

தீவுக்குப் போகும் தாம்போதிக்கு வருமுன்னரே உப்புத்தரை வீதியின் இருபுறமும் தெரியும். முந்தைய இரவு மன்னாரில் தங்கி, விடியுமுன் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே பாருங்கள். ஆளைக் கண்டு ஓடும் பறவை வாகனத்தைப் பொருட்படுத்தாது. நிழல் ஒன்றும் இல்லாத இடம். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம். நான் ஊரில் இருந்தால் நானும் வந்து சேர்கிறேன்.