மறு: 'பசுமைத் தணிக்கை அறிக்கை' பொருந்துமா?

வணக்கம்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் 'சஸ்டெயினபிலிட்டி' பற்றி, அதாவது இயற்கையும் சமூகமும் நெடுங்காலம் தாங்கும்படி நடந்துகொள்வது பற்றி, வெளியிடும் அறிக்கைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கல்லூரிகளில் ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே, 'பசுமைத் தணிக்கை அறிக்கை' என்றே வைத்துவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். புழங்குவது உண்மைதான். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்காக நம் கல்லூரிகள் மரத்தை எண்ணி, எல்இடி விளக்கை எண்ணி ஒரு கோப்பு தயாரிக்கின்றன. இங்கே பேச்சு வேறு.

அமெரிக்காவில் உயர்கல்வி நிறுவனங்களுக்கான ஆஷே (AASHE) அமைப்பு 2010 முதல் நடத்தும் ஸ்டார்ஸ் (STARS) என்ற மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். மின்சாரம், தண்ணீர், குப்பைக் கணக்கோடு, சஸ்டெயினபிலிட்டியை எத்தனை பாடங்களில் கற்பிக்கிறார்கள், ஊழியருக்குப் பிழைக்கப் போதுமான சம்பளம் உண்டா, கொடை நிதியை எதில் முதலீடு செய்கிறார்கள் என்பது வரை பல்கலைக்கழகமே எழுதி இணையத்தில் போடுகிறது. 'பசுமை' என்றால் இதில் பாதி வெளியே நின்றுவிடும். 'தணிக்கை'யும் ஒட்டாது: வெளியாள் வந்து கணக்குப் பார்ப்பது கட்டாயமில்லை, பல்கலைக்கழகத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் உடன் போகிறது, எண் இடித்தால் படிக்கிற யாரும் கேள்வி அனுப்பலாம். 2015இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் முதன்முதலாக ஸ்டார்ஸின் உச்ச நிலையான பிளாட்டினம் வாங்கியதும் இப்படித் தானே எழுதிக்கொடுத்த கணக்கை வைத்துத்தான். (அதனாலேயே எனக்கு இந்த முறைமேல் கொஞ்சம் சந்தேகமும் உண்டு, அது தனிக்கதை.)

சரி, சொல்லுக்கு வருவோம். 'நிலைத்தன்மை' வேண்டாம், இயற்பியல்காரர்கள் அதை எப்போதோ வேறு பொருளில் பிடித்துக்கொண்டார்கள். 'வளங்குன்றாமை' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சம்பளமும் பாடத்திட்டமும் அதற்குள் அடங்காது. 'பேண்தகு அறிக்கை' என்றால் பீரோவில் பூட்டிவைக்க வேண்டிய அறிக்கை போல ஒலிக்கிறது! இலங்கை அரசு ஆவணங்களில் 'நிலைபேறான அபிவிருத்தி' ஊறிப்போன வழக்கு, அந்த நிலைபேறே நமக்கும் போதும்.

ஆக, என் பரிந்துரை: நிலைபேற்றுத் தன்னறிக்கை. 'பொது' என்று முன்னால் சேர்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி, கட்சித் தலைவர் 'அறிக்கை விட்டார்' என்றால் வீட்டுக்குள்ளேயா விட்டார்? அப்புறம், வினையாக 'தன்னறிக்கையிடல்' நாக்கைச் சுழற்றுகிறது, 'தன்னறிக்கை தருதல்' என்றே எழுதலாம்.

இன்னொன்று பாக்கி. மதிப்பெண்ணை வெளியிட விரும்பாத நிறுவனங்களுக்கு ஸ்டார்ஸில் 'ரிப்போர்ட்டர்' என்று ஒரு நிலை உண்டு. அதை 'நிருபர்' என்று மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். 'அறிக்கையர்' எப்படி?