டிராஃபி ஃபோன்டூவில் நடைபாதை ஓடு மாறுது, தணிக்கைக் கட்டடத்துக்கு யார் பதில்?

ஆரி_நடையன்
பாங்காக்கில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடியாது, அதிலும் வெளிநாட்டுக்காரன் வாயே திறக்கக் கூடாது என்று இந்தக் குழுவில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முடியும் என்பது என் கட்சி. டிராஃபி ஃபோன்டூ என்ற பொதுப் புகார்த் தளத்தைப் பாருங்கள். நெக்டெக் என்ற அரசு ஆய்வு மையம் உருவாக்கியது. 2022 மே மாதம் சட்சார்ட் சிட்டிபன் 13 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஆளுநரான பிறகு நகரின் 50 'கேத்' (வட்டார) அலுவலகங்களும் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டன. விசா கேட்பதில்லை, பாஸ்போர்ட் கேட்பதில்லை. லைன் என்ற அரட்டைச் செயலியில் அதை நண்பராகச் சேர்த்து, பிரச்சினையை ஒரு வரியில் எழுதி, படமும் இருப்பிடமும் அனுப்பினால் புகார் எண் வரும். பொது வரைபடத்தில் அந்த எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும். வேலை முடிந்ததும் முன்படம், பின்படம் இரண்டும் ஏறும்.

புதிதாகப் புகார் போடுகிறவர்களுக்கு: ஒரு புகாரில் ஒரே ஒரு பிரச்சினை. உடைந்த நடைபாதை ஓட்டையும் தொங்கும் கேபிளையும் சேர்த்து எழுதினால் ஓட்டை மாற்றிவிட்டு மொத்தத்தையும் 'முடிந்தது' என்று மூடிவிடுவார்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் அடுத்த சோய்க்கு (கிளைத்தெருவுக்கு) தாவும், அதனால் குறியைக் கையால் நகர்த்துங்கள். தாய் மொழியில், அதாவது தாய்லாந்து மொழியில், எழுதுவது நல்லது.

கம்பிஎண்ணி
அண்ணா, ஓடு மாத்துறதுக்குப் பேரு பராமரிப்பு. பதில் சொல்றது வேற. ஓடு ஏன் உடைஞ்சது? மணல்மேல அடுக்கிட்டுப் போயிடுறாங்க. மழைத்தண்ணி இறங்கி மணலை அரிச்சுடும், ஓடு ஆடும், மிதிச்சா சேறு பீச்சும். உள்ளூர்க்காரங்களே அதைக் 'கண்ணிவெடி'ன்னுதான் சொல்றாங்க. போதாக்குறைக்கு மேல மோட்டார் பைக் ஓடுது. நீங்க படம் அனுப்பினா அந்த ஓட்டைத் தூக்கி, மணல் போட்டு, திரும்ப வைப்பாங்க. அடுத்த மழைக்காலத்துல அதே ஓடு, புதுப் புகார் எண். அடியில கான்கிரீட் போடாம வேலையை ஒப்புக்கொண்டது யாருன்னு அந்த வரைபடம் ஒருநாளும் சொல்லாது.

இது சின்ன விஷயம். பெருசுக்கு வாங்க. 2025 மார்ச் 28. மியான்மர்ல 7.7 அளவு நிலநடுக்கம், மையம் பாங்காக்கிலிருந்து 1000 கிலோமீட்டருக்கு மேல. சதுசக் பக்கம் கட்டிட்டிருந்த 30 மாடி மட்டும் நின்ன இடத்திலேயே தூளாச்சு. யாருக்கு அந்தக் கட்டடம்? மத்த இலாகா கணக்கையெல்லாம் தோண்டுற அரசுத் தணிக்கை அலுவலகத்துக்கு! இறந்தவங்க, காணாமப் போனவங்க சேர்த்து 90 பேருக்கு மேல. இதை எந்த லைன்ல படம் எடுத்து அனுப்புறது?

ஆரி_நடையன்
பாங்காக் களிமண் மெதுவான அலைகளைப் பெருக்கிக் காட்டும், உயரக் கட்டடங்கள் அந்தத் தாளத்துக்கு ஆடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

கம்பிஎண்ணி
சொல்றேனே. களிமண் எல்லாக் கட்டடத்துக்கும் அடியில இருக்கு. நூத்துக்கணக்கான உயரக் கட்டடம் ஆடிச்சு, விரிசல் விட்டுச்சு, மாடி நீச்சல்குளத்துத் தண்ணி தெருவுல கொட்டுச்சு. முழுசா விழுந்தது இது ஒண்ணுதான். நிலநடுக்கத்தைக் கணக்குல எடுக்கணும்ங்கிற அமைச்சக விதி 2007-லேயே பாங்காக்குக்கு வந்தாச்சு. அதனால 'இயற்கைச் சீற்றம்'னு கைகழுவ வழியில்லை.

லிஃப்ட்டும் படிக்கட்டும் இருக்கிற சுத்துச்சுவர்தான் இந்த மாதிரிக் கட்டடத்துக்கு முதுகெலும்பு. பக்கவாட்டு உதறலை அதுதான் வாங்கணும். நடைவழி அகலத்துக்காக அந்தச் சுவரை 30 சென்டிமீட்டர்லேருந்து 25-ஆகக் குறைச்சு ஒப்பந்தத்தைத் திருத்தினது வெளிய வந்தது. இதுல தடிமன் போறது மட்டும் பிரச்சினை இல்ல. சுவர் மெலிஞ்சா கம்பிக்கு உள்ள இடம் நெருங்கும், கான்கிரீட் சரியா இறங்காது, கட்டுக்கம்பி வளைக்க இடம் பத்தாது. வரைபடத்தை மாத்தினா கணக்கை முதல்லேருந்து திரும்பப் போட்டுப் பொறியாளர் கையெழுத்து வாங்கணும். இடிபாட்டுல எடுத்த கம்பியில 20 மில்லிமீட்டரும் 32 மில்லிமீட்டரும் முதல் சோதனையில தேறலை. அரசு விசாரணையும் கடைசியில, 2025 ஜூன் முடிவுல, லிஃப்ட்-படிக்கட்டுச் சுவரோட வடிவமைப்பையும் கட்டின விதத்தையும்தான் காட்டுச்சு. கம்பியை எண்ணாதவங்க கம்பி எண்ணணும்னு நான் சொன்னா கோபமாப் பேசுறேன்னு சொல்றீங்க.

சாத்தோர்ன்_கணக்கு
இந்தக் கட்டடத்தின் காகிதத்தைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். மதிப்பீட்டு விலை சுமார் 252 கோடி பாட். ஒப்பந்தம் 213.6 கோடி. 15 சதவீதம் குறைவு. எடுத்தது இட்டாலியன்-தாய், சீனாவின் ரயில்வே எண் 10 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனம், 2020 நவம்பரில் கையெழுத்து. இதற்கு நேர்மை உடன்படிக்கையும் இருந்தது. அரசு அலுவலகம், ஏலதாரர், வெளியிலிருந்து வரும் பார்வையாளர் மூவரும் அதில் கையெழுத்திடுவார்கள். பார்வையாளர்கள் கூட்டத்தில் உட்காருவார்கள், ஆவணம் படிப்பார்கள், தாமதத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். கான்கிரீட் கலவையைச் சோதிப்பது அவர்கள் வேலையே இல்லை. அதற்கு 7 கோடி பாட்டுக்கு மேல் வாங்கிய மேற்பார்வை நிறுவனங்கள் தனியாக இருந்தன. ஆக ஏலத்தைப் பார்க்க ஆள் இருந்தது, சுவரைப் பார்க்கவும் ஆள் இருந்தது, ஒருவர் பார்த்ததை மற்றவர் படிக்க வழிதான் இல்லை.

அரசுக் கொள்முதல் தளத்தில் நீங்களே தேடலாம், பதிவு வேண்டாம். அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும், பௌத்த ஆண்டுக் கணக்கு. 2020 நவம்பர் ஒப்பந்தம் என்றால் 2564. ஏல அறிவிப்பு அதற்கு முன்னரே வந்திருந்தால் 2563-ல் கிடக்கும். இரண்டிலும் தேடுங்கள். மதிப்பீட்டு விலை, வென்றவர், தொகை எல்லாம் கிடைக்கும். திருத்தப்பட்ட வரைபடம் கிடைக்காது. 25 சென்டிமீட்டர் கதை அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஆரி_நடையன்
சரி, பெரிய கட்டடத்தில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வழக்கு நடக்கிறதே! 2025 மே மாதம் 17 பேருக்குப் பிடியாணை, ஒப்பந்த நிறுவனத்தின் தலைவரே சரணடைந்தார். பல நாடுகளில் மேஸ்திரியோடு நின்றிருக்கும்.

கம்பிஎண்ணி
வடிவமைச்சவங்க, கட்டினவங்க, மேற்பார்வை பார்த்தவங்க பேரு பிடியாணையில வந்தது, ஒத்துக்கறேன். திருத்தத்தை ஏத்துக்கிட்ட மேசை?

சாத்தோர்ன்_கணக்கு
இந்த நாட்டில் மிக வேகமாகப் பதவி போவது யாருக்கு என்று பாருங்கள். ஓட்டு வாங்கி வந்தவர்களுக்குத்தான். பிரதமர் ஸ்ரெத்தா 2024 ஆகஸ்ட் 14, ஒரு அமைச்சரை நியமித்ததற்காக, நீதிபதிகள் 5-க்கு 4. அடுத்த பிரதமர் பேதோங்தார்ன் 2025 ஆகஸ்ட் 29, ஒரு தொலைபேசிப் பேச்சுக்காக, 6-க்கு 3. இரண்டிலும் செனட்டர்கள் மனுப் போட்டார்கள், அரசியலமைப்பு நீதிமன்றம் நெறிமுறை என்று தீர்த்தது. பிரதமரை ஒரு வருடத்தில் அனுப்ப முடிகிற நாட்டில் ஒரு ஒப்பந்தத் திருத்தக் குழுவின் கூட்டக் குறிப்பை வாங்க முடியவில்லை. நடையன் சார் இதற்குப் பெயர் என்ன வைக்கிறார்?

நோந்தபுரி_மலர்
வாங்க முடியும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 1997-ன் அரசுத் தகவல் சட்டத்தை யாருமே இழுக்காதது எனக்கு வியப்பு. வழி இதுதான்: அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும். 'கட்டடத்தைப் பற்றிய எல்லா ஆவணமும்' என்று கேட்டால் தள்ளிவிடுவார்கள். 'இன்ன ஒப்பந்தத்தின் இன்னாவது திருத்தம், இணைப்புகளோடு' என்று கேளுங்கள். மூன்றாம் தரப்பின் நலன் பாதிக்கும் என்றால் ஒப்பந்ததாரருக்கு அறிவிப்புப் போகும், அவர் ஆட்சேபிக்க அவகாசம் உண்டு. அங்கேயே சில வாரம் போகும். பதிலே வராவிட்டால் தகவல் வாரியத்திடம் புகார். எழுத்தில் மறுத்தால் மேல்முறையீடு.

இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, 15-ஆம் பிரிவு: வழக்கைக் கெடுக்கும் என்று சொல்லி மறுக்கலாம். குற்ற வழக்கு நடக்கும்போது இந்தக் கட்டடத்துக்கு அதைத்தான் சொல்வார்கள். இரண்டாவது நம்மைப் பற்றியது. வெளிநாட்டவருக்கு இந்த உரிமை எவ்வளவு என்பதைச் சட்டமே சொல்லாமல் அமைச்சக விதிக்கு விட்டிருக்கிறது. அதனால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் கேட்பதுதான் நடைமுறை.

கம்பிஎண்ணி
மலர் அக்கா, கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்காங்களா?

நோந்தபுரி_மலர்
அப்போதைய துணைப் பிரதமர் பிரவித்தின் கைக்கடிகார விவகாரம். 2017 டிசம்பரில் அமைச்சரவைக் குழுப்படத்துக்கு நின்றபோது வெயிலுக்குக் கையை உயர்த்தினார். சொத்துக் கணக்கில் காட்டாத கடிகாரம் வெளியே தெரிந்தது. இறந்துபோன நண்பரிடம் இரவல் வாங்கியது என்றார். 2018 டிசம்பரில் தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 5-க்கு 3 என்று கோப்பை மூடியது. வீரா சோம்குவாம்கிட் என்ற செயற்பாட்டாளர் விடவில்லை. விசாரணை ஆவணத்தை இதே சட்டத்தில் கேட்டார், மறுத்தார்கள், நிர்வாக நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரலில் உச்ச நிர்வாக நீதிமன்றம் 'கொடு' என்றது. கொடுத்தார்கள், கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். ஊழலை விசாரிக்கிற ஆணையத்திடமிருந்து தாளை வாங்க நாலு வருடத்துக்கு மேல்.

ஆரி_நடையன்
ஆக வழி இருக்கிறது என்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான்.

கம்பிஎண்ணி
மை பூசின தாளைப் பிடிச்சுக்கிட்டு வழி இருக்குன்னு சொல்ல உங்களாலதான் முடியும் அண்ணா.

நோந்தபுரி_மலர்
இன்னொன்று, இங்கே எழுதுகிறவர்கள் கவனத்துக்கு. உடைந்த ஓட்டின் படம் ஆபத்தில்லை. அதே படத்தைப் போட்டு ஒப்பந்ததாரர் பெயரைச் சொல்லி 'திருடன்' என்று எழுதினால் அது குற்றவியல் அவதூறு. 326-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, பரப்பினால் 328-ல் இரண்டு வருடம், 2 லட்சம் பாட் வரை அபராதம். நல்லெண்ணத்தில் செய்த நியாயமான விமர்சனத்துக்கு 329 காப்பு தரும். ஆனால் அது நீதிமன்றத்தில் நிரூபிக்கிற காப்பு. அதுவரை அலைச்சல் உங்களுடையது. 'இந்த எண் ஒப்பந்தத்தில் தடிமன் இவ்வளவு, கட்டியது இவ்வளவு' என்று அளவோடு நிறுத்துங்கள். பெயரடை வேண்டாம்.

அரச குடும்ப அவமதிப்புக்கான 112-ஆம் பிரிவு இதோடு சேராது, தனி உலகம்: 3 முதல் 15 வருடம். பிட்சனுலோக்கில் நரேசுவான் பல்கலைக்கழகத்தில் இருந்த அமெரிக்க ஆய்வாளர் பால் சேம்பர்ஸை 2025 ஏப்ரலில் அதில் கைது செய்தார்கள், விசாவையும் ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போடவில்லை என்றார்கள். அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

சாத்தோர்ன்_கணக்கு
அதனால்தான் நம்மில் பலர் டிராஃபியோடு நின்றுவிடுகிறார்கள். அதிலும் எல்லை தெரிந்து போடுங்கள். தனியார் சோயில் கேத் அலுவலகம் பணம் செலவழிக்க முடியாது. கேபிள் தொலைத்தொடர்புக்காரர்களுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, மேம்பாலத்தடி வேறு துறையுடையது. 'அனுப்பப்பட்டது' என்று நின்றுபோன புகார்கள் அந்த வகை. பாங்காக்கை விட்டால் ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. மற்ற 76 மாகாணங்களிலும் உள்துறை அமைச்சகம் அனுப்புகிற ஆள்தான். அங்கே 1567 என்ற புகார்த் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆரி_நடையன்
மலர் அம்மா, மேல்முறையீட்டுக்கு 30 நாள்தானே?

நோந்தபுரி_மலர்
15 நாள். மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த தேதியிலிருந்து. உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. முப்பது நாள் என்பது வாரியம் புகாரைப் பார்த்து முடிக்க வேண்டிய காலம், நீட்டினால் 60 வரை போகும்.